பனியன் கம்பெனி நடத்தறவங்க அடிக்கடி கேக்கற ஆபரேஷன்ஸ் கேள்விகள்

திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட்ல (அடுத்த கம்பெனி சரக்கை கூலிக்கு தைச்சு குடுக்கற எடம்) இருந்து எக்ஸ்போர்ட் கம்பெனி வரைக்கும் லைன், அதாவது தையல் மெஷின் வரிசை, பாக்கற வேலைக்காக போய்ட்டு வந்துட்டு இருக்கேன், எங்க போனாலும் டீ குடிக்கறப்ப கேக்கற கேள்வி ஒண்ணுதான், ஆள்தான் வேற. எம்பிஏ முடிச்சுட்டு அப்பா கம்பெனிக்குள்ள வந்த பசங்களும் கேக்கறாங்க, முப்பது வருசமா தொழில் பண்றவங்களும் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டுருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னால வர்ற பதில்ல முன்னால சொன்னத திரும்ப சொல்லல.

ஏனுங்க, ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்னா புரொடக்ஷன் மேனேஜர் பாக்கற வேலைதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?

புரொடக்ஷன் அதுல ஒரு பகுதிதாங்க. ஆர்டர் கைக்கு வந்த நிமிசத்துல இருந்து சரக்கு லாரி ஏறி பணம் வர்ற வரைக்கும் நடக்கற எல்லாமே இதுல வரும். நூல் எப்ப வாங்கறது, நிட்டிங் (துணி பின்னறது) யாருக்கு குடுக்கறது, டையிங்ல (சாயம் போடற எடம்) எப்ப எடம் கெடைக்கும், எத்தனை டெய்லர் வேணும், செக்கிங் எந்த எடத்துல வெக்கறது, அட்டைப்பெட்டி எவ்வளவு ஸ்டாக் வெக்கறதுன்னு எல்லாம்.

ஒரு டி-சர்ட்ட எடுத்துக்கங்க, அதுமேல ஊசி ஓடற நேரம், கத்தி படற நேரம், அயர்ன் படற நேரம் எல்லாத்தையும் கூட்டினா கால் மணி நேரம் கூட வராது, ஆனா நூல் வாங்கின நாள்ல இருந்து பெட்டிக்குள்ள போற வரைக்கும் வாரக்கணக்குல ஆகுது. மீதி நேரம் பூரா அது எங்கியோ ஒரு மூலைல சாக்குக்குள்ள காத்துட்டு கெடக்குது. என்னைக் கேட்டா ஆபரேஷன்ஸ்ங்கறது அந்த காத்துக் கெடக்கற நேரத்தை தேடிப் புடிக்கற வேலைதான். ஆளை வெரட்டி வேகமா தைக்க வெக்கறதுனு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, அது இல்ல.

நாங்க வெறும் 20 மெஷின் வெச்சு ஜாப் ஒர்க் பண்றோம், எங்களுக்கெல்லாம் இது தேவையாணா?

உங்களுக்குத்தான் ரொம்ப தேவை. பெரிய கம்பெனில ஒரு லைன் படுத்தா பக்கத்து லைன் தாங்கிக்கும், 20 மெஷின்ல ஒரு ஃப்ளாட்லாக் (ஓரம் மடிச்சு தைக்கற மெஷின்) நின்னா அன்னிக்கு பொழப்பே போச்சு. அதுவும் இல்லாம உங்களுக்கு சனிக்கிழமை ஆனா சம்பளம் போட்டே ஆகணும், பீஸ் வெளிய போனாலும் போகாட்டியும். பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம், ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், செவுத்துல ஒரு ஒயிட் போர்டு போதும்.

எஃபிஷியன்சி 45 சதவீதம், 60 சதவீதம்னு சொல்றாங்களே, அது எப்படி கணக்கு போடறது?

மொதல்ல ஒரு பீஸுக்கு எத்தனை நிமிசம் ஆகணும்னு தெரியணும், அதைத்தான் சாம்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நல்லா தைக்கற டெய்லர், சுமாரா தைக்கறவர்னு ரெண்டு மூணு பேர் பின்னாடி நின்னு பத்து பீஸ் டைம் எடுத்து, அவங்க வேகத்தை கணக்குல எடுத்து, தண்ணி குடிக்கறது நூல் மாத்தறதுக்கு கொஞ்சம் சேத்தி போடறதுதான் அது. சாதாரண ரவுண்ட் நெக் டி-சர்ட்டுக்கு எல்லா ஆபரேஷனும் சேந்து 8 நிமிசம்னு வெச்சுக்கலாம்.

20 டெய்லர், 8 மணி நேரம்னா ஒரு நாளைக்கு உங்க கைல 9600 நிமிசம் இருக்கு. 8 நிமிசத்தால வகுத்தா 1200 பீஸ், அது 100 சதவீதம். நீங்க எடுத்தது 540 பீஸ்னா 540 பெருக்கல் 8, அதாவது 4320 நிமிச வேலை வெளிய வந்துருக்கு, 9600ல அது 45 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. இதுல ஒரு தில்லுமுல்லு நடக்கும், எஃபிஷியன்சி நல்லா தெரியணும்னு கைமடிங்களையும் (டெய்லருக்கு எடுத்துக் குடுக்கற உதவி ஆளுங்க) நூல் வெட்டற டிரிம்மிங் ஆளுங்களையும் கணக்குல விட்டுருவாங்க. விடறதுனா எப்பவும் விடுங்க, சேக்கறதுனா எப்பவும் சேருங்க, மாசத்துக்கு ஒரு கணக்கு போட்டா அந்த நம்பர வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

எல்லா மெஷினும் ஓடுது, ஒருத்தரும் சும்மா உக்காரல, ஆனா பீஸ் மட்டும் வெளிய வரமாட்டேங்குது, ஏன் சார்?

இந்த கேள்விதான் அதிகமா வர்றது. ஒரு லைன்ல ஷோல்டர் அட்டாச் மணிக்கு 180, கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வெக்கறது 75, கை ஏத்தறது 110, சைடு மூட்டறது 100, பாட்டம் ஃப்ளாட்லாக் 90ன்னு வெச்சுக்கங்க. அந்த லைன் மணிக்கு 75க்கு மேல தரவே தராது. ஷோல்டர்ல உக்காந்துருக்கற பையன் எவ்வளவு வேகமா அடிச்சாலும் அவன் பண்றதெல்லாம் கழுத்து மெஷினுக்கு முன்னாடி குமியற குவியல பெருசாக்கறது மட்டுந்தான். காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சா பன்னெண்டரை சாப்பாட்டு பெல் அடிக்கறப்ப அங்க 420 பீஸ் கெடக்கும். மணிக்கு 75ன்னா எட்டு மணி நேரத்துக்கு 600, அதுல ஊசி ஒடைஞ்சது நூல் அறுந்ததுன்னு போக மேல சொன்ன 540 வந்துரும்.

இதைக் கண்டுபுடிக்க ஸ்டாப்வாட்ச் கூட வேண்டாம், லைன்ல நடந்து போங்க, எந்த மெஷினுக்கு முன்னாடி பண்டல் அதிகமா குமிஞ்சுருக்கு, அதுக்கு அடுத்த மெஷின்ல ஆள் எப்ப பீஸ் வரும்னு திரும்பி பாத்துட்டு இருக்காங்கன்னு பாருங்க. அதுதான் உங்க பாட்டில்நெக், மொத்த லைனையும் புடிச்சு நிறுத்தற எடம். அந்த மெஷின் 10 நிமிசம் நின்னா கம்பெனிக்கே 12 பீஸ் போச்சு. ஷோல்டர் மெஷின் அரை மணி நேரம் நின்னா ஒண்ணுமே போகாது. ரெண்டுக்கும் ஒரே மெக்கானிக், ரெண்டும் ஒரே நேரத்துல ரிப்பேர்னா அவர் மொதல்ல எங்க போகணும்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சுருக்கும், ஆனா நெசத்துல யாரு சத்தமா கூப்புடறாங்களோ அங்கதான் போவாரு.

அப்ப கழுத்துக்கு இன்னொரு மெஷின் போட்டா தீந்துச்சா?

போட்டா கழுத்து 150 ஆகும், ஆனா லைன் 150 ஆகாது. அடுத்து கம்மியா இருக்கறது பாட்டம், 90. ஆக 75ல இருந்து 90க்கு வருவீங்க, 20 சதவீதம்தான் கூடும். மெஷின் காசு, ஆள் சம்பளம் ரெண்டையும் இந்த 15 பீஸ்ல போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி காசில்லாம பண்ற வேலை நெறைய இருக்கு. கழுத்து டெய்லர் அவரே ரிப்ப எடுத்து மடிச்சு நடு மார்க் பாத்து வெச்சுட்டு இருந்தா அதை ஒரு கைமடிகிட்ட குடுங்க, ரிப் ரவுண்டா மூட்டி மார்க் வெச்சு கைக்கு வரணும், டெய்லர் தைக்க மட்டும் செய்யணும். டீ டைம்லயும் சாப்பாட்டு டைம்லயும் மாத்தி விட ஒரு ஆளை பழக்கி அந்த ஒரு மெஷினை மட்டும் ஓட்டுங்க. ஓட்டை, கறை இருக்கற பீஸை கழுத்துக்கு முன்னாடியே பொறுக்கிருங்க, எப்படியும் டேமேஜ் ஆகப் போற பீஸுக்கு அந்த மெஷின் நேரத்தை குடுக்கறது தண்டம்.

இன்னொண்ணு, பாட்டில்நெக் உங்க காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும்னு இல்ல. 2011 ஜனவரில நொய்யல் ஆத்து மாசு கேஸ்ல ஹைகோர்ட் உத்தரவு வந்து டையிங் பட்டறையெல்லாம் மூடினப்ப இந்த ஊர்ல தையல் மெஷினுக்கா பஞ்சம், ஆளுக்கா பஞ்சம், சாயம் போட்ட துணி இல்லாம எல்லாம் உக்காந்துருந்தோம். அன்னிக்கு எவ்வளவு ஓவர்லாக் வாங்கி போட்டுருந்தாலும் ஒரு பீஸ் கூட கூடியிருக்காது.

கட்டிங்ல மொத்தமா வெட்டி லைன்ல கொட்டிட்டா லைன் நிக்காதுல்ல, அது தப்புனு ஏன் சொல்றீங்க?

லைன் நிக்காது, சரிதான். ஆனா பீஸ் நின்னுரும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்சது, லிட்டில்ஸ் லான்னு சொல்லுவாங்க. உள்ள கெடக்கற பீஸை ஒரு நாளைக்கு வெளிய வர்ற பீஸால வகுத்தா, இப்ப உள்ள போற பீஸ் வெளிய வர எத்தனை நாள் ஆகும்னு தெரிஞ்சுரும். உள்ள 6000 கெடக்கு, ஒரு நாளைக்கு 600 வெளிய வருதுன்னா 10 நாள். கட்டிங்கை கொஞ்சம் அடக்கி வாசிச்சு உள்ள 1800 மட்டும் வெச்சா 3 நாள். டெய்லர் யாரும் வேகமா தைக்கல, மெஷின் வாங்கல, ஆனா 7 நாள் மிச்சம்.

இதை விட பெரிய விசயம் தப்பு எப்ப தெரியுதுங்கறது. நிட் துணி டையிங், காம்பாக்டிங் (சுருக்கத்தை சரி பண்ற வேலை) முடிஞ்சு ரோலா வந்ததும் பிரிச்சு ஒரு நாள் ஆற விடணும், அப்பறந்தான் வெட்டணும், இல்லாட்டி வெட்டின பின்னாடி சுருங்கி அளவு கொறையும். ஒருத்தர் அவசரத்துல ஆற விடாம 6000 பீஸும் வெட்டிட்டார்னு வெச்சுக்கங்க, அது அயர்ன் டேபிள்ல அளவு பாக்கறப்ப பத்தாவது நாள் தெரியும், அதுக்குள்ள எல்லாம் வெட்டி முடிஞ்சு பாதி தைச்சும் முடிஞ்சுருக்கும். மூணு நாள்ல தெரிஞ்சுருந்தா போனது 1800ஓட போச்சு.

டாக்ட் டைம், லைன் பேலன்சிங்னு என்னமோ சொல்றாங்களே?

ஒரு நாளைக்கு 600 பீஸ் வேணும், கைல 480 நிமிசம் இருக்குன்னா 48 செகண்டுக்கு ஒரு பீஸ் வந்தாகணும். அது டாக்ட். இப்ப எந்த ஆபரேஷன் 48 செகண்டுக்கு மேல எடுக்குதோ அங்க ஆள் சேக்கணும் இல்ல வேலையை பிரிக்கணும், எது 20 செகண்ட்ல முடியுதோ அவங்களுக்கு இன்னொரு சின்ன வேலை சேத்து குடுக்கணும். அதுதான் பேலன்சிங். இதுக்கு ரெண்டு மூணு ஆபரேஷன் தெரிஞ்ச டெய்லர் லைனுக்கு ரெண்டு பேராவது வேணும், அவங்களுக்கு பத்து ரூபா கூட குடுத்தாலும் லாபந்தான்.

ஸ்டாக் எவ்வளவு வெச்சுக்கணும்? அட்டைப்பெட்டி, பாலி பேக் எல்லாம் மொத்தமா வாங்கினா ரேட் கம்மின்னு சொல்றாங்களே.

ரேட் கம்மிதான், ஆனா குடோன்ல கெடக்கற பெட்டிக்கும் வட்டி ஓடிட்டுதான் இருக்கு, மழைல நமுத்து போறது, பையர் பெட்டி சைசை மாத்திட்டா எடைக்கு போடறதுன்னு செலவு இருக்கு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா வாங்கினா ஒவ்வொரு தடவையும் வண்டி வாடகை, இறக்கு கூலி, ஆள் நேரம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கு, அதைக் கண்டுபுடிக்க 1913லயே ஃபோர்டு ஹாரிஸ்னு ஒருத்தர் ஃபார்முலா போட்டுட்டாரு, கார் கம்பெனி ஃபோர்டு இல்ல, இவர் வேற. இஓக்யூன்னு (எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டி, செலவு கம்மியா வர்ற ஆர்டர் அளவு) பாடத்துல படிச்சுருப்பீங்க.

வருசத்துக்கு 12000 பெட்டி வேணும், ஒரு தடவை ஆர்டர் போட்டு எறக்க 500 ரூபா ஆகுது, ஒரு பெட்டிய ஒரு வருசம் வெச்சுருக்க 12 ரூபா ஆகுதுன்னு வெச்சுக்கங்க (60 ரூபா பெட்டிக்கு வட்டி, எடம், வேஸ்ட் எல்லாம் சேத்து 20 சதவீதம்). 2 பெருக்கல் 12000 பெருக்கல் 500, அதை 12ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 1000. ஆக மாசம் ஒரு தடவை 1000 பெட்டி. நீங்க 900 வாங்கினாலும் 1200 வாங்கினாலும் செலவு பெருசா மாறாது, அதனால தசம புள்ளி வரைக்கும் போட்டு மண்டைய ஒடைச்சுக்காதீங்க, 5000 வாங்கி அடுக்காம இருந்தா சரி.

இது எப்பவும் ஒரே மாதிரி ஓடற சாமானுக்குத்தான். பையர் பேர் போட்ட லேபிள், ஹேங் டேக்குக்கெல்லாம் இந்த கணக்கு வேண்டாம், ஆர்டர் அளவுக்கு வாங்கி ஒரு 2, 3 சதவீதம் கூட வாங்குங்க, ஒரு மெயின் லேபிள் கொறஞ்சு கன்டெய்னர் நிக்கறதுக்கு அது தேவலை.

ஜஸ்ட் இன் டைம்ல ஸ்டாக்கே வெக்கக்கூடாதாமே, அதெல்லாம் ஜப்பான்காரனுக்கு சரி, நம்மூருக்கு ஆகுமாங்க?

ஸ்டாக்கே வேண்டாம்னு டொயோட்டாவே சொல்லல. அங்க இந்த முறைய உருவாக்கின டைச்சி ஓனோ யோசிச்சது என்னன்னா, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்ல கஸ்டமர் எடுத்துட்டு போன எடத்தை மட்டும் நிரப்பற மாதிரி, அடுத்த ஆபரேஷன் எடுத்தா மட்டும் முந்தின ஆபரேஷன் செஞ்சா போதும்ங்கறது. எடுத்த அளவுக்கு மட்டும் செய்னு முந்தின ஆளுக்கு சொல்ற கான்பான் அட்டை அதுக்குத்தான். நம்ம லைன்ல இதை நாளைக்கே பண்ணலாம், ரெண்டு மெஷினுக்கு நடுவுல ரெண்டு கூடைதான், ரெண்டும் ரொம்பிருச்சுன்னா முன்னாடி இருக்கறவர் நிறுத்திட்டு பக்கத்துக்கு உதவி பண்ணணும். 6000ஐ 1800 ஆக்கறது எப்படின்னு மேல கேட்டீங்கன்னா, இப்படித்தான்.

ஆனா வெளிய இருந்து வர்ற பொருளுக்கு அப்படியே காப்பி அடிக்காதீங்க. 2011 ஜப்பான் பூகம்பத்துக்கு அப்பறம் டொயோட்டாவே சிப் விசயத்துல சப்ளையர்களை 2 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் ஸ்டாக் வெக்க சொல்லிருச்சு, அதனாலதான் 2021ல சிப் பஞ்சம் வந்தப்ப மத்த கம்பெனிங்களை விட அது கொஞ்ச நாள் தாங்குச்சு. எது வர நாளாகுமோ, எது இல்லாட்டி மொத்தமும் நிக்குமோ அதை வெச்சுக்கணும். நம்ம கதைல அது பட்டனும் ஜிப்பும், பையர் சொன்ன ஒரே சப்ளையர்கிட்டதான் வாங்கணும்ங்கற சாமானும். தையல் நூல் ஊருக்குள்ளயே கெடைக்கும், அதுக்கு மலை மாதிரி ஸ்டாக் வேண்டாம்.

கடைசில செக்கிங்குக்கு பத்து பேர் போட்டுருக்கேன், அப்பவும் பையர் இன்ஸ்பெக்ஷன்ல அடி வாங்குது, என்னதான் பண்றது?

கடைசில செக்கிங் டேபிள் போட்டா நல்ல பீஸ் வராது, நல்ல பீஸை பிரிக்க மட்டுந்தான் முடியும், அதுவும் முழுசா முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல டியூப் லைட் வெளிச்சத்துல நேவி ப்ளூ பீஸ்ல ஸ்கிப் ஸ்டிச்ச (தையல் விட்டுப் போனது) கண்டுபுடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு நாள் நீங்களே உக்காந்து பாருங்க. அஞ்சு ஸ்டேஜ்லயும் நூத்துக்கு 97 சரியா வருதுன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அஞ்சும் தாண்டி குறையே இல்லாம வர்றது சுமார் 86தான். மீதி 14 ரீஒர்க், அதுல பாதி மறுபடியும் அதே கழுத்து மெஷினுக்கு வரும்.

செக்கிங்கை முன்னாடி கொண்டு போங்க. ஷேட் வேரியேஷனை, அதாவது கலர் வித்தியாசத்தை எடுத்துக்கங்க, பாடி துணியும் கழுத்து ரிப்பும் ஒரே டையிங் லாட்ல போட்டா கலர் ஒட்டும், வேற வேற லாட்ல போட்டா வெயில்ல காட்டினதும் கழுத்து தனியா தெரியும். இதை செக்கிங் டேபிள்ல கண்டுபுடிச்சு என்ன பிரயோஜனம், பிரிச்சு தைக்கவா? துணி எறக்கறப்பவே லாட் நம்பர் பாக்கணும், வெட்டறப்ப ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டணும், ஒரே நம்பர் முன்பக்கம், முதுகு, கை எல்லாம் சேந்து ஒரே பண்டல்ல போகணும். ஸ்டிக்கர் ஒட்டற அந்த பொண்ணு லீவு போட்ட அன்னிக்குத்தான் ஷேட் கம்ப்ளைன்ட் வரும், பாத்துக்கங்க.

ஏக்யூஎல் 2.5ன்னா நூத்துக்கு ரெண்டரை பீஸ் டேமேஜ் அனுப்பலாம்னு அர்த்தமா?

இல்லீங்க, ஏக்யூஎல்ங்கறது (அக்செப்டபிள் குவாலிட்டி லிமிட்) சாம்பிள் எடுத்து பாக்கற விதி. 3000 பீஸ் லாட்டுன்னா வழக்கமான ரெண்டாவது லெவல்ல 125 பீஸை எங்கெங்க இருந்தோ எடுத்து பாப்பாங்க, 2.5க்கு 7 மேஜர் டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 8 வந்தா ஃபெயில். பாஸ் ஆனாலும் மீதி பெட்டிக்குள்ள இருக்கற டேமேஜுக்கு பையர் கிளெய்ம் போட மாட்டார்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஊசி முனை ஒடைஞ்சு துணிக்குள்ள இருக்கற மாதிரி ஆளுக்கு ஆபத்து ஆகற விசயத்துக்கு இந்த சலுகையே கெடையாது, அது ஒண்ணு இருந்தாலும் ஃபெயில்தான்.

இப்ப எல்லாம் 500 பீஸ், 800 பீஸ்னு துண்டு துண்டா ஆர்டர் வருது, ஸ்டைல் மாத்தறதுக்கே அரை நாள் போயிருது, சின்ன ஆர்டரே எடுக்காம விட்டுரலாமா?

எல்லாரும் பெரிய ஆர்டருக்கு நின்னா ரேட்டு அடிதான் வாங்கும், சின்ன ஆர்டர்ல பீஸுக்கு நாலு காசு கூட நிக்குது. மாத்தற நேரத்தை கொறைங்க. டொயோட்டால 1000 டன் ப்ரெஸ்ல டை மாத்தறதுக்கு 4 மணி நேரம் ஆயிட்டு இருந்துச்சு, ஷிகியோ ஷிங்கோன்னு ஒரு ஜப்பான் இன்ஜினியர் அதை மொதல்ல ஒன்றரை மணி நேரம் ஆக்கி அப்பறம் 3 நிமிசத்துக்கு கொண்டு வந்தாரு. அவர் கேட்ட கேள்வி ரொம்ப சாதாரணம், மெஷின் நின்னாத்தான் பண்ண முடியும்ங்கற வேலை எது, ஓடறப்பவே பண்ணி வெச்சுக்கற வேலை எது?

உங்க யூனிட்ல அரை நாள் எங்க போகுதுனு பாருங்க, பழைய ஸ்டைல் முடிஞ்ச அப்பறந்தான் நூல் கலர் தேடறாங்க, ஃபோல்டர் (துணிய மடிச்சு குடுக்கற மெஷின் அட்டாச்மென்ட்) எங்கன்னு மெக்கானிக் டப்பாவ கொட்டறாரு, சாம்பிள் பீஸ் மெர்ச்சண்டைசர் (பையர்கிட்ட ஆர்டர் பேசறவர்) டேபிள்ல இருக்கு, லேபிள் எந்த சைடு வைக்கணும்னு சூப்பர்வைசர் போன் போட்டு கேக்கறாரு. இதுல ஒண்ணு கூட மெஷின் நின்னாத்தான் ஆகும்ங்கற வேலை இல்ல. முந்தின நாள் சாயங்காலமே அடுத்த ஸ்டைலுக்கு ஒரு டிரேல நூல், ஊசி, ஃபோல்டர், லேபிள், ஓகே ஆன சாம்பிள் எல்லாம் போட்டு வெச்சாலே பாதி நேரம் மிச்சமாகும்.

பையர் டெலிவரி டேட் கேக்கறப்ப எப்படி கணக்கு போட்டு சொல்றதுணா? நாங்க குத்துமதிப்பா 45 நாள்னு சொல்லிர்றோம்.

குத்துமதிப்புதான், லேட் ஆகி கப்பலுக்கு பதிலா விமானத்துல அனுப்பற ஏர் ஷிப்மென்ட்ல போய் நிக்குது. 10000 பீஸ், ஒரு நாளைக்கு 600ன்னா 17 நாள்னு போடுவீங்க, ஆனா மொத நாள் 600 வராது, புது ஸ்டைல்னா மூணு நாலு நாள் கை பழகற வரைக்கும் 200, 350ன்னுதான் வரும், அதை சேத்துங்க. அப்பறம் தூத்துக்குடில கப்பலுக்கு சரக்கு குடுக்க வேண்டிய கடைசி தேதில இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க, பேக்கிங், இன்ஸ்பெக்ஷன், தையல், கட்டிங், துணி ஆறறது, காம்பாக்டிங், டையிங், நிட்டிங், நூல்.

இதுல நூல் வாங்கறதும் அளவு சாம்பிள் ஓகே ஆகறதும் ஒரே நேரத்துல நடக்கலாம், ஆனா கலர் ஓகே ஆகாம டையிங் போக முடியாது. ஒண்ணுக்கு அப்பறந்தான் இன்னொண்ணுன்னு நிக்கற வேலைங்களோட நீளமான சங்கிலிதான் உங்க டெலிவரி டேட், மத்ததுல எவ்வளவு வேகம் காட்டினாலும் தேதி முன்னாடி வராது. எனக்கு தெரிஞ்சு அதிக நாள் தொலையறது ஃப்ளோர்லயே இல்ல, அப்ரூவல் மெயிலுக்கு காத்துருக்கறதுலதான். பையர் லேப் டிப் (சாயம் போட்டு காட்டற கலர் சாம்பிள்) ஓகே பண்ண லேட் ஆனா தேதியும் அதே அளவு தள்ளிப் போகும்னு ஆர்டர் எடுக்கறப்பவே மெயில்ல எழுதி வாங்கிக்கங்க.

பீஸ் ரேட் நல்லதா, ஷிப்ட் சம்பளம் நல்லதா?

பீஸ் ரேட்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆபரேஷனை வேகமா முடிப்பாங்க, ஆனா நாலாவது கேள்வில பாத்தோமே, ஷோல்டர் பையன் 180 அடிச்சு உங்களுக்கு என்ன ஆச்சு? குவியல்தான். அவனுக்கு மட்டும் காசு. ஷிப்ட்ல குவாலிட்டிக்கு நிதானம் கெடைக்கும், அதுக்குன்னு தூங்கறவங்களும் இருப்பாங்க. என் கணக்கு, ஷிப்ட் சம்பளம் போட்டு, லைன் கடைசில பாஸ் ஆகி வெளிய வந்த பீஸுக்கு மொத்த லைனுக்கும் சேத்து இன்சென்டிவ் குடுக்கறது. அப்பத்தான் ஷோல்டர் பையன் எழுந்து போய் கழுத்துக்கு ரிப் எடுத்து குடுப்பான்.

ஆள் எல்லாரும் 100 சதவீதம் பிசியா இருந்தாத்தானே கம்பெனிக்கு நல்லது? அஞ்சு நிமிசம் சும்மா இருந்தாலும் எங்க அப்பாவுக்கு கோவம் வருது.

அப்பாகிட்ட இதை பக்குவமா சொல்லுங்க தம்பி. வேலை ஒரே சீரா வந்தா 100 சதவீதம் பரவால்ல, ஆனா நெசத்துல சாம்பிள் செக்ஷனுக்கோ மெக்கானிக்குக்கோ வேலை தாறுமாறாத்தான் வரும், ஒரு வேலை பத்து நிமிசம், இன்னொண்ணு ஒரு மணி நேரம். அப்படி வர்ற எடத்துல ஆள் 80 சதவீதம் பிசியா இருந்தா ஒரு வேலை வரிசைல காத்துருக்கற நேரம் சராசரியா வேலை செய்யற நேரத்தைப் போல 4 மடங்கு, 90 சதவீதம்னா 9 மடங்கு, 95னா 19 மடங்கு. வரிசைக் கணக்கு போடறவங்க சொல்ற சூத்திரம் இது, 100ஐ நெருங்க நெருங்க வரிசை முடிவே இல்லாம போகும்.

அதனால மெக்கானிக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துருந்தா சந்தோசப்படுங்க, மெஷினெல்லாம் ஓடுதுன்னு அர்த்தம். பிசியாவே இருக்க வேண்டியது பாட்டில்நெக் மெஷின் மட்டுந்தான், அதுக்கு முன்னாடி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஆகற பீஸ் எப்பவும் இருக்கட்டும்.

நான் பனியன் கம்பெனி இல்ல, கிளினிக் வெச்சுருக்கேன், எனக்கு இதுல என்ன இருக்கு?

உங்களுக்கு மதுரைலயே பெரிய பாடம் இருக்குங்க. டாக்டர் ஜி. வெங்கடசாமி ரிட்டயர் ஆன அப்பறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அங்க கண் ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள், ஒண்ணுல ஆபரேஷன் நடக்கறப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்த பேஷன்ட தயார் பண்ணி வெச்சுருவாங்க, முடிச்சதும் டாக்டர் அப்படியே மைக்ராஸ்கோப்ப திருப்பிட்டு அடுத்ததுக்கு போயிருவார். பேஷன்ட தயார் பண்றது, பவர் பாக்கறது, அறிவுரை சொல்றதெல்லாம் பயிற்சி குடுத்த பொண்ணுங்க பாத்துக்குவாங்க, நெறைய பேர் கிராமத்துல இருந்து வந்தவங்க. கழுத்து டெய்லருக்கு ரிப் எடுத்து குடுக்க ஆள் வெக்கறோம்ல, அதே புத்திதான், அங்க பாட்டில்நெக் டாக்டர் கை.

லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்து வெலை கட்டுப்படி ஆகலன்னு 1992ல ஆரோலாப் ஆரம்பிச்சு அவங்களே செஞ்சாங்க. அதுவும் ஆபரேஷன்ஸ் முடிவுதான். உங்க கிளினிக்ல மொதல்ல பாக்க வேண்டியது, நீங்க பேஷன்ட பாக்கற நேரத்துல எவ்வளவு நேரம் பழைய சீட்டு தேடறீங்க, பிபி பாக்கறீங்க, எழுதறீங்கன்னு. அதெல்லாம் உள்ள வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுருக்கணும்.

இஆர்பி சாஃப்ட்வேர் போட்டா இதெல்லாம் தானா சரியாயிருமா?

ஆகாது. இஆர்பிங்கறது கம்பெனியோட எல்லா கணக்கையும் ஒரே எடத்துல வெக்கற சாஃப்ட்வேர்தான், பண்டல் டிக்கெட்டே (பண்டல்ல என்ன எத்தனைன்னு எழுதற சீட்டு) ஒழுங்கா எழுதாத எடத்துல அதைப் போட்டா தப்பு நம்பர் கலர் கலரா ஸ்க்ரீன்ல தெரியும். மூணு மாசம் ஒயிட் போர்டுல மணிக்கு மணி பீஸ் எழுதுங்க, அதை ஒழுங்கா எழுத முடிஞ்சா அப்பறம் வாங்கலாம்.

எல்லாம் சரியா பண்றேன், ஆனா கம்பெனிக்காரர் மூணு மாசம் கழிச்சு பில் பாஸ் பண்றார், இதுவும் ஆபரேஷன்ஸ் பிரச்சனையாணா?

பாதி ஆமா. மொத கேள்வில பணம் வர்ற வரைக்கும்னு சொன்னேன்ல. டெலிவரி சலான்ல பீஸ் கணக்கு தப்பா இருக்கறது, டேமேஜ் பீஸ் திருப்பி குடுத்ததுக்கு ரசீது இல்லாதது, பில்லை மாசக் கடைசி வரைக்கும் போடாம வெச்சுருக்கறது, இதெல்லாம் நம்ம பக்கம் காத்துக் கெடக்கற நேரம், மொதல்ல அதை சரி பண்ணுங்க. சரக்கு குடுத்த அன்னிக்கே பில்.

மீதி பாதிக்கு சட்டம் இருக்கு. உத்யம்ங்கற அரசாங்க பதிவு பண்ணின குறு, சிறு தொழிலுக்கு 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள்ல பணம் குடுக்கணும், தவறினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டை போல மூணு மடங்கு வட்டி. 2023-24 நிதியாண்டுல இருந்து இன்கம்டாக்ஸ்ல ஒரு விதியும் சேந்துருக்கு, இந்த கெடுவுக்குள்ள குடுக்காத தொகைய, பணம் குடுக்கற வருசத்துலதான் கம்பெனிக்காரர் செலவா காட்ட முடியும். ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு, உத்யம் நம்பரை பில் மேலயே அச்சடிச்சுருங்க, சண்டை போடாம கெடைக்கற பலன் அது.

கடைசியா ஒண்ணு, நான் ரெண்டு நாள் வெளியூர் போனாலே யூனிட் படுத்துக்குது, சூப்பர்வைசர் எல்லாம் இருந்தும் ஏன் இப்படி?

சொன்னா கோவிச்சுக்காதீங்க, அப்ப பாட்டில்நெக் நீங்கதான். நூல் ஷேட் ஓகேவான்னு உங்களைக் கேக்கணும், டேமேஜ் பேனலுக்கு மாத்து வெட்டலாமான்னு உங்களைக் கேக்கணும், 300 ரூபா பெல்ட் வாங்கறதுக்கும் உங்களைக் கேக்கணும், நீங்க பேங்க்ல உக்காந்துருக்கறப்ப போன் சைலன்ட்ல இருக்கும், இங்க லைன் நிக்கும். டொயோட்டால லைன்ல நிக்கற சாதாரண தொழிலாளி கூட தப்பு தெரிஞ்சா மேல தொங்கற கயித்தை இழுத்து ஆள் கூப்புடலாம், சரியாகாட்டி லைனே நின்னுரும். உங்க சூப்பர்வைசருக்கு ஊசி பாக்கெட் வாங்கற அதிகாரமாவது இருக்கா?

ஒரு வாரத்துக்கு உங்களுக்கு வர்ற போன் எல்லாத்தையும் என்ன கேட்டாங்க, கேட்டப்ப எந்த மெஷின் நின்னுச்சுன்னு ரெண்டு பத்தியா நோட்ல எழுதுங்க. பத்துல ஏழு ஒரே மாதிரி கேள்வியா இருக்கும். அந்த ஏழுக்கும் இத்தனை ரூபா வரைக்கும், இத்தனை பீஸ் வரைக்கும் நீயே முடிவு பண்ணுன்னு ஒரு அட்டைல எழுதி சூப்பர்வைசர் டேபிள்ல ஒட்டிட்டு அப்பறமா ஊருக்கு போங்க.